யானெஸுக்குப் போட்ட இலை

மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஊருக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டார். மாமன் மாலை எடுத்துத் தராமல் கல்யாணம் எப்படி நடக்கும்? அழுதுவிட்டேன். தப்பு என்னுடையது.

நான் மேலகரத்துக்காரன். பட்டாளத்தில் இருபத்திரண்டு வருடம். மாப்பிள்ளைக்கு ஐரோப்பாவில் ஸ்லோவேனியா நாடு. அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தா, இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரன் அந்த நாட்டைப் பிடித்தபோது காட்டுக்குள் இருந்து எதிர்த்துப் போராடியவர். பட்டாளத்துக் குடும்பத்துக்கு இதைவிடப் பெருமை உண்டா? துப்பாக்கியோடு அவர் நிற்கும் படத்தை 'மாவீரர்' என்று போட்டு, மண்டப வாசலில் பெரிய பிளக்ஸ் வைத்தேன்.

தாய்மாமன் மாத்தேய் அதைப் பார்த்துவிட்டார். அவருடைய பெரியப்பா, பத்தொன்பது வயதுப் பையன், ஜெர்மன்காரன் கொடுத்த துப்பாக்கியோடு எதிர்ப்பக்கம் நின்றவன். போர் முடிந்ததும், ஜெயித்த தாத்தா பக்கத்துக்காரர்கள் அவனை விசாரணையே இல்லாமல் கொன்று குழியில் தள்ளிவிட்டார்கள். உடல்கூடக் கிடைக்கவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே மாலை எடுக்க மாட்டேன் என்று சொல்லி, மாத்தேய் குற்றாலம் லாட்ஜுக்குத் திரும்பிவிட்டார்.

பண்பொழி மலைக்கு ஓடினேன். "முருகா, என் ஜம்பத்துக்கு என் மகளைத் தண்டிச்சிராத" என்று கதறினேன்.

அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு வழக்கம்போலக் கேட்டார். "யாரு பேருக்கு அண்ணாச்சி?"

மகள் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஊர்ப்பட்ட பெயர்களை பிளக்ஸில் அடித்தவன், அந்தப் பையன் பெயரை மட்டும் கேட்கவே இல்லையே! கேட்டது அர்ச்சகர் இல்லை, குமரன்தான்.

மகளை அழைத்துக்கொண்டு நேரே லாட்ஜுக்குப் போனேன். "மாமாவோட பெரியப்பா பேரு என்னன்னு கேளு ஏட்டி."

மாத்தேய் பெட்டிமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "யானெஸ்" என்றார். பிறகு நிறையப் பேசினார். மகளும் அழுதாள்.

"அப்பா, இந்தப் பேரை வெளிய சொல்லவே பயந்துதான் வளந்தாவளாம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்லன்னு சொல்லுதாவ."

கல்யாணத்துக்கு முன்னால் இறந்தவர்களுக்கு இலை போட்டுக் கும்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அன்று யானெஸுக்கும் ஓர் இலை, ஒரு புது வேட்டி. அந்த இலையில் சோறு வைத்தவர் மாவீரரின் மகன், என் சம்பந்தி. யாரும் சொல்லவில்லை. அவராகவே கரண்டியை வாங்கிக்கொண்டார்.

பிளக்ஸைக் கழற்றப் போனேன். வேண்டாம் என்று தடுத்தவர் மாத்தேய். மறுநாள் அதன் கீழேயே மாலையோடு நிமிர்ந்து நடந்து வந்தார். எத்தனையோ அணிவகுப்பு பார்த்திருக்கிறேன். என் நெஞ்சு இப்படி விம்மியதில்லை.

இப்போது கிருத்திகைதோறும் மலையேறுகிறேன். அர்ச்சகர் கேட்கும் முன்பே "யானெஸ்" என்று சொல்லிவிடுவேன். நட்சத்திரம் தெரியாது. "அதுக்கென்ன, சாமிக்குத் தெரியும்" என்பார்.

உங்கள் வீட்டிலும் பெயர் சொல்லாமல் விட்டவர் யாராவது இருப்பார். மலைக்கு வாருங்கள். யார் பெயருக்கு என்று குமரன் கேட்பான். சொல்லிவிடுங்கள்.