திருப்பித் தாண்டும் நாய்

என் கணவர் பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறார். கிரகண நேரத்தில் வேண்டுமென்றே வாசலில் நின்று இட்லி சாப்பிடுகிற ஆள். பூனை குறுக்கே போனால் பூனைக்கு வழி விடுவாரே தவிர, வீட்டுக்குத் திரும்ப மாட்டார். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பார். பிள்ளையை யாராவது தாண்டினால் பிள்ளை வளராது, தாண்டியவர் உடனே திருப்பித் தாண்டிவிட வேண்டும். "எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?" என்று நான் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

எங்கள் மகள் எட்டாவது படிக்கிறாள். பள்ளிக்கூடத்து வரிசையில் எப்போதும் முதல் ஆள், உயரத்தால். விளையாட்டுக்கு ஆள் பிரிக்கும்போது கடைசி ஆள், அதுவும் உயரத்தால். அவளுடைய அப்பாவும் குட்டைதான். ஆனால் அதைப் பற்றி எங்கள் வீட்டில் பேசுவதில்லை.

நாய் அவளுடையது. பழங்காநத்தத்தில் காய்கறி வாங்கப் போனபோது ஒரு டீக்கடை வாசலிலிருந்து எங்கள் ஸ்கூட்டர் பின்னாலேயே வந்த பழுப்புக் குட்டி. கால் குட்டை, காது பெரிது. தடுப்பூசி போடக் கோரிப்பாளையத்து நாய் டாக்டரிடம் கொண்டுபோனோம். டாக்டரம்மா ஊசியை எடுத்ததும் அது மேசையிலிருந்து குதித்து, நாற்காலியைத் தாண்டி, குப்பைக் கூடையையும் தாண்டி வாசலில் போய் நின்றது. எனக்கு மானம் போயிற்று. டாக்டரம்மாவுக்கோ முகமெல்லாம் சிரிப்பு. நாய்களுக்கு ஓட்டப் போட்டி ஒன்று நடத்தப்போவதாகச் சொன்னார். குறுக்கே வைத்த குழாய்களைத் தாண்ட வேண்டும், துணிக்குகைக்குள் நுழைந்து வர வேண்டும், நட்ட கம்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓட வேண்டும். கூடவே ஓர் ஆள் ஓடிக்கொண்டு வழி காட்டலாம். தொடக்கூடாது. வரிசை மாறினால் அவ்வளவுதான், வெளியே.

"நான் ஓடுறேன்" என்றாள் மகள். விளையாட்டு என்றாலே வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிற பிள்ளை வாயிலிருந்து வந்த வார்த்தை அது. எப்படியாவது இவள் ஒரு தடவை முழுசாக ஓடி முடிக்க வேண்டும் என்று அங்கேயே மீனாட்சியை வேண்டிக்கொண்டேன்.

ஆரம்பத்தில் உயரமாக எதுவும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் மகள் ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள். நாய் அவள் காலைத் தாண்ட வேண்டும், தாண்டினால் ஒரு துண்டு பொறை ரொட்டி. நான் காலையில் அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் அதைச் சரியாகப் பார்க்கவில்லை. பழக்கியது எல்லாம் அப்பாவும் மகளும்தான்.

பிறகு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் குழாய்களை வெட்டி அவரே தடைகள் செய்து வைத்தார். நாய் அழகாக ஓடி வந்து தாண்டியது. தாண்டிய கையோடு திரும்பி, அதே குழாயை மறுபடி இந்தப் பக்கம் தாண்டியது. உட்கார்ந்தது. பொறைக்காக எங்கள் முகத்தைப் பார்த்தது. அடுத்த குழாயிலும் அதே கதை.

டாக்டரம்மாவை வரவழைத்தோம். பார்த்துவிட்டு, "இத யாரு இப்படிப் பழக்குனது?" என்றார்.

என் கணவர் மாடிக் கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே சொன்னார். "பிள்ளையத் தாண்டுதுல்ல மேடம். திருப்பித் தாண்டுனாத்தான் பொறைன்னு வச்சிருந்தேன்."

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் தண்ணீர்த் தொட்டி மேலிருந்த காக்காய் பறந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "ஊருக்கெல்லாம் விஞ்ஞானம் சொல்லிக் குடுக்குற வாத்தியார் வீட்டு லட்சணத்தப் பாருங்க மேடம்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மாடியில் வடகம் பிழிந்துகொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

கற்ற இடத்திலேயே போய்த்தான் மறக்கடிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. மறுபடி பிள்ளை காலை நீட்டட்டும். நாய் ஒரு பக்கமாக மட்டும் தாண்டட்டும். அந்தப் பக்கமே பொறை கொடுத்துவிடுங்கள். திரும்பி வந்தால் ஒன்றும் கிடையாது.

என் கணவர் தலையாட்டினார். ஆனால் மறுநாள் அவர் ஹாலுக்கே வரவில்லை. அதற்கு மறுநாள் பேப்பர் திருத்த வேண்டும் என்றார். மூன்றாம் நாள் அடுப்படிக்கு வந்து என் பின்னால் நின்றார். "கிளாஸ்ல போர்டுல மேல எழுத ஸ்டூல் போட்டு ஏறுறப்ப பின்னாடி சிரிக்கிறாய்ங்க. நான் பட்டது போதும். அவளுக்கும் அது வேணாம்டி." இத்தனை வருடத்தில் அவர் அதை என்னிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. மூடநம்பிக்கை என்று நான் ஏசியதெல்லாம் நெஞ்சில் குத்தியது. இரண்டு தோசை கூடுதலாக வார்த்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அவர் பேசியது ஹாலில் இருந்த மகளுக்கும் கேட்டிருக்கிறது. போய்ப் பார்த்தால், காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறாள். "அப்பா, பொறைய எடுத்துட்டு அந்தப் பக்கம் போய் நில்லுங்க. வளரலேன்னா வளரல. உங்க உயரம் வந்தா எனக்குப் போதும்."

அவர் அந்தப் பக்கம் போய் நின்றார். பொறை டப்பாவைத் திறந்தார். நாய் தாண்டியது, பொறையைத் தின்றது. வழக்கப்படி திரும்பப் போன நாயை "வேணாம்டா" என்று அவரே மறித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கல்லூரி மைதானத்தில் போட்டி. ஓடுவதற்கு முன் ஒவ்வொரு நாயையும் நிறுத்தி முதுகு உயரம் அளந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். குட்டை நாய்க்குக் குழாயை இறக்கி வைப்பார்களாம். எங்கள் நாய்க்கும் இறக்கினார்கள். "பரவால்லையே, நல்ல விளையாட்டா இருக்கே" என்றார் என் கணவர்.

மகள் ஓடினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "வாடா, வாடா, உள்ள போ, வெளிய வா!" குகை முடிந்தது. கம்புகளில் ஒன்று சாய்ந்தது, ஆனாலும் முடிந்தது. கடைசிக் குழாயைத் தாண்டியதும் நாய் நின்றுவிட்டது. திரும்பிக் குழாயைப் பார்த்தது. மகள் திரும்பிப் பார்க்காமல், கூப்பிடவும் செய்யாமல் முடிவுக் கோட்டை நோக்கி ஓடிக்கொண்டே இருந்தாள். நாய் குழாயைப் பார்த்தது, அவள் முதுகைப் பார்த்தது. பிறகு காதைப் பின்னுக்கு மடித்துக்கொண்டு அவள் பின்னால் பறந்தது.

நின்று யோசித்த நேரத்தில் பரிசெல்லாம் போய்விட்டது. அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை. வேர்த்து விறுவிறுத்து எங்களிடம் ஓடி வந்தாள்.

"அப்பா! திருப்பித் தாண்டவே இல்லப்பா! பாத்தீங்களா?"

"நான் எங்க தாயி பாத்தேன்? கண்ண மூடிக்கிட்டேன்ல" என்றார் அவர்.

அவள் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், முதல் குழாயிலிருந்து ஒவ்வொன்றாகக் காட்டிச் சொல்ல ஆரம்பித்தாள்.