மோட்டரை நிறுத்தச் சொன்ன நாள்

எனக்குப் பொறுமை இன்றைக்கும் குறைவு. எண்பதுகளின் கடைசியில், பல்கலைக்கழகத்தில் கடைசி வருடம் படித்தபோது, அது அறவே இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில், எங்கள் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் தண்ணீர் எப்படி உவராகிறது என்பதுதான் என் ஆய்வு. கணக்குப் போட என்னிடம் ஒரு பழைய கொம்பியூட்டர் இருந்தது. கொழும்பில் ஏதோ அலுவலகம் கழித்துவிட்டதை மாமா வாங்கி லொறியில் அனுப்பியிருந்தார். முழுக் கணக்கும் முடிய அதற்குப் பதினான்கு மணித்தியாலம் வேண்டும். எங்கள் ஊரில் அவ்வளவு நேரம் கரண்ட் தொடர்ந்து இருந்தால் அது அதிசயம். நடுவில் போனால் எல்லாவற்றையும் முதலில் இருந்து தொடங்கவேண்டும். திங்கட்கிழமை ஆய்வைக் கொடுக்காவிட்டால் ஒரு வருடம் வீண்.

அந்தக் கொம்பியூட்டரின் வேகத்தைத் தீர்மானித்தது உள்ளே செருகியிருந்த ஒரு சின்னத் தகரத் துண்டு. கிறிஸ்டல் என்பார்கள். அதன் முதுகில் பன்னிரண்டு என்று பொறித்திருந்தது. அதை எடுத்துவிட்டுப் பதினெட்டைச் செருகினால் மெஷின் ஒன்றரை மடங்கு வேகமாக ஓடும் என்று ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன். யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்தும் கடையொன்றில் பதினெட்டுக் கிடைத்தது. செருகினேன். பறந்தது. நான் வீட்டுக்குள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மத்தியானம் திரை அப்படியே உறைந்து நின்றது.

மூடியைக் கழற்றி மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். உள்ளேயிருந்த சிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி இருத்தினேன். மறுநாளும் மத்தியானம் நின்றது. உரலில் இடிக்கும்போது ஒருத்தி உலக்கை போட, மற்றவள் கைவிட்டு அரிசியைத் தள்ளிக்கொடுப்பாள். உலக்கைக்காரி அளவுக்கு மிஞ்சி அவசரப்பட்டால் மற்றவளின் விரல் நசியும். என் மெஷினுக்குள் நடந்ததும் அதுதான், வெயில் ஏற ஏற இன்னும் மோசமாக. பழைய கிறிஸ்டலை ஒருநாள் போட்டுப் பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். போடவில்லை. கிடைத்த வேகத்தைத் திருப்பிக் கொடுக்க மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அது நின்ற நேரத்தில் அறை லைற் ஒருதரம் மங்கி எழும்பியது. வேலிக்கு அந்தப் பக்கம் கிணற்றடியில் மோட்டர் இரைந்தது. மோட்டர் கரண்டை இழுப்பதால்தான் மெஷின் நிற்கிறது. எனக்கு அது போதும், குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

அது மூன்று பேரின் பங்குக் கிணறு. ஒவ்வொருவருக்கும் மூன்று நாளுக்கு ஒருமுறை இறைப்பு முறை வரும். சனிக்கிழமை முறை பக்கத்துத் தோட்டக்காரருடையது. வெள்ளி பின்னேரமே அவருடைய வேலிப் படலையைத் திறந்துகொண்டு போனேன்.

"அண்ணை, மோட்டர் போட்டவுடனை என்ரை கொம்பியூட்டர் நிண்டுபோகுது. நாளைக்கு மட்டும் இறைக்காமல் விடேலுமோ?"

அவர் பதில் சொல்வதற்கு முன் அவருடைய மனைவி அடுப்பை விட்டுக் குசினி வாசலுக்கு வந்தார்.

"போன முறையும் கரண்ட் இல்லாமல் இறைக்கேல்லைத் தம்பி. நாளைக்கும் விட்டால் வெங்காயம் தாங்காது."

"பொடியன்ரை படிப்பெல்லே," என்றார் தோட்டக்காரர். "வாளியாலை ஊத்திச் சமாளிப்பம். நீ போய் உன்ரை வேலையைப் பார்."

நான் வெட்கமில்லாமல் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். கிணறுகளைப் பற்றி ஆய்வு எழுதுகிறவன் ஒரு கிணற்றின் இறைப்பை நிறுத்திவிட்டு வந்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

சனிக்கிழமை விடியவே தொடங்கினேன். கிணற்றடியில் ஒரு சத்தமும் இல்லை. லைற் ஒருதரமும் மங்கவில்லை. பன்னிரண்டரைக்குத் திரை உறைந்து நின்றது.

மேசையை விட்டு எழும்பினேன். பிறகு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். தோட்டக்காரரும் மனைவியும் கிணற்றடித் தொட்டியில் வாளியை அமுக்கி எடுத்து, பாத்தி பாத்தியாகக் காவிக்கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். உச்சி வெயில். ஊற்றிய தண்ணீர் விழுந்த இடத்திலேயே காய்ந்தது. தெற்குப் பக்கத்து நாலு பாத்தியிலும் வெங்காயத் தாள் நுனி கருகி மடிந்து கிடந்தது. இனி ஒரு பொய் சொல்லித் தப்பலாமா என்றுதான் முதலில் யோசித்தேன். அதையும் எழுதிவிடவேண்டும்.

என்னைக் கண்டதும் அவர் வாளியை வைத்தார்.

"முடிஞ்சுதோ தம்பி?"

"இல்லையண்ணை. நிண்டிட்டுது. பிழை மோட்டரிலை இல்லை. நான்தான் கொம்பியூட்டரின்ரை வேகத்தைக் கூட்டி வைச்சனான். மோட்டரைப் போடுங்கோ."

 அவருடைய மனைவி முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு என்னை ஒருதரம் பார்த்தார். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். தோட்டக்காரர் போய் மோட்டரைப் போட்டார். நான் மண்வெட்டியை வாங்கிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். தெற்குப் பக்கம் வாய்க்கால் தண்ணீர் போய்ச் சேர முன்னமே கரண்ட் போய்விட்டது. பொழுதுபடும்வரை வரவில்லை. அந்த நாலு பாத்தியும் பிறகு எழும்பவேயில்லை.

இரவு பழைய கிறிஸ்டலைத் திரும்பச் செருகினேன். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து கணக்கைத் தொடர்வதற்கு விளக்கு வெளிச்சத்தில் கடதாசியில் பத்து வரி புரோகிராம் எழுதினேன். ஒரு மணித்தியால வேலை. முதல் நாளே எழுதியிருந்தால் வேகமும் தேவையில்லை, யாரிடமும் கேட்டுப் போகவும் தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை கரண்ட் இருந்தது. முறை இன்னொரு பங்குக்காரருடையது. காலையிலிருந்து மோட்டர் இரைந்தது. லைற் மங்கி மங்கி எழும்பியது. கொம்பியூட்டர் ஒருதரமும் நிற்காமல் ஆமை வேகத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பின்னேரம் வேலிக்கு அப்பால் செருமும் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டக்காரர்.

"தம்பி, மோட்டர் ஓடுது. உனக்கு ஏதும் இடைஞ்சலோ? நான் சொன்னால் அவன் நிப்பாட்டுவான்."

"வேண்டாமண்ணை," என்றேன். திரையை விட்டு முகத்தைத் திருப்ப என்னால் முடியவில்லை.