பழைய காருக்கு மூன்று டெண்டர்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ராயபுரம் அலுவலகத்தின் பழைய காரை விற்க டெண்டர் கோரினோம். குறைந்தபட்ச விலை ஆயிரம் ரூபாய் என்று குறிப்பு எழுதியவன் நான். கல்மண்டபத்தில் மீன் ஏலம் கூவும் ஒருவர் முந்நூறு எழுதிக் கொடுத்தார். நெடிய ஆள், கரகரத்த குரல். மீனை அழுத்திப் பார்ப்பதுபோல எதையும் விரலால் அழுத்திப் பார்ப்பார். காரின் மட்கார்டையும் அப்படித்தான் பார்த்தார். வெயில் ஏறுமுன் மீனைச் சந்தைகளில் சேர்க்க அவருக்கு அந்த வண்டி வேண்டும்.

வேறு யாரும் கேட்கவில்லை. இருந்தும் விதிப்படி நிராகரித்தோம். ஆறு மாதம் கழித்து மறுபடி கோரியபோது இருநூற்றைம்பது எழுதியிருந்தார்.

"கொஞ்சம் ஏத்திக் கேளுங்க" என்றேன்.

"இன்னா சார், நேத்து புட்ச்ச மீனுக்கு இன்னிக்கு வெலைய ஏத்துவாங்களா? உப்புக் காத்துல வண்டி கெட்டுக்கினே கீது."

"வேற யாராவது வாங்கிட்டா?"

"வாங்கட்டும். அவனுக்கு மூக்கு இல்லன்னு நெனச்சிக்கிறேன்."

மூன்றாம் முறை இருநூறு. இம்முறை அழுத்தியபோது மட்கார்டுக்குள் விரலே போய்விட்டது. விலையைத் தவறாக நிர்ணயித்தவன் நானே என்று எழுதி, அவருக்கே கொடுக்கப் பரிந்துரைத்தேன்.

நாலு பேர் தள்ள, வண்டி கேட்டைத் தாண்டியது. அவர் நன்றி சொல்லவில்லை.

"மொத தபாவே குடுத்திருந்தா ஒங்க ஆபீசுக்கு நூறு ரூபா லாபம், சார்" என்றார்.

முப்பது வருட உத்தியோகத்தில் என் தவறை ஒப்புக்கொண்டு நான் எழுதிய குறிப்பு அது ஒன்றுதான். என் கையெழுத்து மிக அழகாக விழுந்ததும் அதில்தான்.