அழாமல் பேச வேண்டிய இரண்டு நிமிடம்

என் வீட்டுக்காரரைக் கடற்கொள்ளைக்காரர்கள் பிடித்துக்கொண்டு போன செய்தி, மராத்தி ஊரான கட்கியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் டேங்கர் வந்த நேரத்தில் வந்தது. கப்பல் கம்பெனி ஆள் போனில் இந்தியில் விளக்கினார். இரண்டு நாடுகள் என் கடல், உன் கடல் என்று அடித்துக்கொள்ளும் இடமாம். அதனால் காப்பாற்ற இரண்டு பக்கமிருந்தும் யாரும் வரவில்லையாம். அவரோடு சேர்த்து ஆறு பேரைக் கரையில் ஏதோ காட்டுக்குள் வைத்திருக்கிறார்களாம். போனைக் காதில் இடுக்கிக்கொண்டு இன்னும் இரண்டு பக்கெட் பிடித்தேன். அடுத்த டேங்கருக்கு இரண்டு நாளாகும்.

மறுநாள் அதே ஆள் பாடம் நடத்தினார். கொள்ளைக்காரர்கள் வீட்டுக்குப் போன் போட்டு இரண்டு நிமிடம் பேச விடுவார்கள். நாம் அழுதால் பேரம் இழுக்கும், ஆள் திரும்ப மாதக்கணக்காகும். அதனால் சாதாரணமாகப் பேசுங்கள் மேடம் என்றார். அதை அவர் பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. என் வீட்டுக்காரர் தூத்துக்குடிக்காரர், குரல் பாதியாகியிருந்தது.

"ஏட்டி, கம்பெனிக்காரன்ட்ட அழு. இல்லன்னா கொன்னுருவோம்னு சொல்லுதானுவ."

பின்னால் எவனோ கத்தினான். சாதாரணமாகப் பேச எனக்கு ஒரே விஷயம்தான் அகப்பட்டது. கப்பலில் எலக்ட்ரீஷியன் அவர். வீட்டு கீசரை மட்டும், அடுத்த லீவில் பார்க்கிறேன் என்று மூன்று லீவாக டிமிக்கி கொடுத்துவிட்டார்.

"கீசரைச் சரி பண்ணாமலே போயிட்டீங்க. பச்சத் தண்ணியில குளிக்கிறேன்" என்றேன். லைன் போய்விட்டது.

சாகப்போகிற மனுஷனிடம் கீசர்! நாள் முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன். சாயங்காலம்தான் மரமண்டையில் உறைத்தது. அந்தக் கொள்ளைக்காரன்களுக்குத் தமிழ் தெரியாது, குரலைத்தான் கேட்கிறான்கள்; குரல் அழாமல் இருந்தால் எதையும் சொல்லலாம். உடனே நான்கு வாக்கியம் தயார் செய்து, வெங்காய விலை சொல்கிற குரலில் அடுப்படியில் நின்று சொல்லிப் பழகினேன். பக்கத்து வீட்டு மராத்தி அம்மாவை மாவ்ஷி, அதாவது சித்தி, என்று கூப்பிடுவேன். அவளோ, பாவம், இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்துச் சாப்பாடு கொடுத்தனுப்பினாள்.

அடுத்த வாரம் மறுபடி போன். அவர் வாயைத் திறக்குமுன் ஆரம்பித்தேன்.

"அழக்கூடாதுன்னு கம்பெனி சொல்லியிருக்கு, அதான் அழல. சோறு எறங்கல. நீங்க இல்லாம என்னால முடியல. உசுரோட வந்து சேருங்க."

அவரும் அதே வெங்காயக் குரலில் கேட்டார்.

"கீசர் பாக்க ஆள் வந்தானா?"

"வந்தான். வேண்டாம்னு அனுப்பிட்டேன். நீங்கதான் பாக்கணும்."

உண்மையில் ஆள் யாரும் வரவில்லை.

ஏழாவது வாரம் பேரம் படிந்து அவர் வந்தார், எலும்பும் தோலுமாக. செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பாத்ரூமுக்குள் போனார். டெஸ்டர் எங்கே என்று கேட்டார். எடுக்கப் போன நான் மேஜை டிராயரைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தேன். ஏழு வாரத்து அழுகை, நிற்கவே இல்லை. சத்தம் கேட்டு ஓடி வந்த மாவ்ஷி, கெட்ட சேதி வந்துவிட்டது என்று நினைத்து என்னைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

பாத்ரூமிலிருந்து அவர் தலையை நீட்டினார். "ஏட்டி, டெஸ்டர் கெடச்சுதா, இல்லியா?"