லபன் குடித்த கறிவேப்பிலை

பஹ்ரைனில் குளிர் என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை. பாலைவனத்தில் ஏது குளிர் என்று சிரிப்பார்கள். ஜனவரியில் வடகாற்று வீசும்போது ஈசா டவுனில் எங்கள் பால்கனியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுச் சிரிக்கட்டும்.

அந்தப் பால்கனியில்தான் மனைவியின் கறிவேப்பிலை மரம் இருந்தது. செடி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். அதுவும் நியாயம்தான். தொட்டியில் நின்றபடியே வளர்ந்து, கூரையில் இடித்து வளைந்து, துணி காயப்போடும் இடத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. குளிர்காலத்தில் அதற்கு என்ன செய்வது என்பதெல்லாம் அவள் பாடு. மகளின் பிரசவத்துக்காகக் கோயமுத்தூர் கிளம்பியபோது, என்னைப் பற்றி அவள் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

"மரத்தைப் பாத்துக்கங்க. அது மட்டும் போச்சுன்னா நான் உங்களோட பேசமாட்டேனுங்க" என்றாள். சும்மா சொல்கிறவள் இல்லை.

குளிர் வந்ததும் இலை மஞ்சளாகி உதிர்ந்தது. பசி என்று முடிவு கட்டினேன். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் வழக்கம்தானே. சோற்றுக்கென்று நான் வாங்கும் லபனை, அதாவது இந்த ஊர்க் கடை மோரைப் புளிக்கவைத்துத் தினமும் ஊற்றினேன். பால்கனி நாறியது. இலை இன்னும் வேகமாகக் கொட்டியது. நான் இன்னும் அதிகமாக ஊற்றினேன்.

வீடியோ காலில் பேரனைக் காட்டினாள். கண் நிறையப் பார்ப்பதற்குள், "மரத்தக் காட்டுங்க" என்றாள். வேறு வழியில்லாமல் காட்டினேன்.

"ஏனுங்க, என்ன ஊத்துனீங்க?"

"மோர்தான். தினமும்."

"குளிர்ல அது தூங்குமுங்க. தூங்கறவன் வாயில மோர ஊத்துனா புரையேறாதா? நிறுத்துங்க. இடுப்பு உசரத்துக்கு வெட்டி உள்ள இழுத்து வைங்க."

ஆசையாக வளர்த்த மரத்தை அவளே வெட்டச் சொன்னாள். வெட்டினேன். சோபா பக்கத்தில் மொட்டைக் குச்சியாக நின்றது. மண் நன்றாகக் காய்ந்த பிறகு மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர். பார்க்க வந்த நண்பர், "இதென்னய்யா, வீட்டுக்குள்ள கொடிக்கம்பம்?" என்று கேட்டார். பட்டையை லேசாகக் கீறிப் பார்த்தால் உயிர் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எனக்குத்தான் தைரியம் வரவில்லை. உள்ளே பழுப்பாக இருந்தால் எந்த முகத்தோடு அவளிடம் சொல்வது?

திரும்பி வந்த அன்று பெட்டியை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே குச்சியிடம் போனாள். நகத்தால் கீறினாள். பச்சை. நல்ல ஈரப் பச்சை. "அப்பாடா!" என்று நான் சத்தமாகவே சொல்லிவிட்டேன். சோபாவில் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை தொளதொளவென்று தொங்கிக்கொண்டிருந்தது.

"மோரெல்லாம் இதுக்கு ஊத்திப்போட்டு, நீங்க என்னத்தச் சாப்பிட்டீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டாள்.