கரி பஸ்ஸில் நான் பேசிய பேச்சு

இன்று காலை கரி பஸ்ஸில் சேலத்துக்கு வந்துகொண்டிருந்தேன். யுத்தம் வந்ததிலிருந்து பெட்ரோல் கிடையாது; கரி எரித்த வாயுவில்தான் பஸ் ஓடுகிறது, இழுப்பு போதாது. மேடு வந்தால் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும்.

பக்கத்தில் எங்கள் ஹைஸ்கூல் சரித்திர வாத்தியார். பொழுது போகவில்லை என்று என் கணக்கு வகுப்புப் பையன்களைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அந்த வெண்ணந்தூர் முருகேசனுக்கு இந்த ஜன்மத்தில் கணக்கு வராது. தறியில் உட்காரப் போகட்டும்" என்றேன். இருவரும் சிரித்தோம்.

முன் பெஞ்சில் இருந்தவர் மெல்லத் திரும்பினார்.

"நான் முருகேசனோட அப்பனுங்க. செவ்வாப்பேட்டையில மாமன் ஊட்டுல தங்கிப் படிக்க அவனுக்கு எடம் பத்தலீங்க. ஆஸ்டல்ல சேக்கலாமான்னு உங்களைக் கேக்கத்தான் வாரேனுங்க. அப்ப வேண்டாமுங்களா?"

"விளையாட்டுக்குச் சொன்னேனுங்க" என்றேன்.

"படிச்சவங்க நீங்க, தெரியாமயா சொல்லுவீங்க."

அவர் குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த மேட்டில் எல்லோரும் இறங்கினோம். அவர் மட்டும் ஊர்ப் பக்கம் திரும்பி நடந்தார். பஸ்ஸை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினேன்.

"கணக்கு வரலீன்னா சொல்லிக் குடுக்கற என் மேலதானுங்க தப்பு. பையனை ஆஸ்டல்ல சேத்துங்க. சாயங்காலம் நானே தனியாச் சொல்லித் தாரேன்."

அவர் நின்று, "நெசமாத்தானுங்களா?" என்றார். பிறகு இருவரும் சேலத்துக்கு நடந்தே வந்தோம். வழியில் அவர் எனக்கு வெள்ளரிக்காய் நறுக்கிக் கொடுத்தார்.

வகுப்பில் முருகேசன் எழுந்து கும்பிட்டான். நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு வரத் தெரிந்த வாத்தியார் யாராவது இருந்தால், எனக்கும் அந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுங்களேன்.