டில்லிக்கு இரண்டு டிக்கெட்

என் வீட்டுக்காரருக்கு வெளியூர் போவது என்றாலே ஆகாது. கல்யாணத்துக்குப் போனால்கூட முதல் பந்தியில் உட்கார்ந்து எழுந்து, மொய் எழுதிவிட்டு, வண்டிச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு மண்டப வாசலில் நிற்பார். நான் யாரிடமாவது இரண்டு வார்த்தை கூடப் பேசிவிட்டால் வெளியிலிருந்து ஹாரன் சத்தம் வரும். அப்படிப்பட்ட மனிதரை விமானம் ஏற்றி டில்லிக்குக் கூட்டிப்போய் மூன்று நாள் சுற்றிக் காட்டத் திட்டம் போட்டேன் என்றால், என் துணிச்சலை நானேதான் மெச்சிக்கொள்ள வேண்டும்.

வேலம்பாளையத்தில் எங்களுக்கு ஒரு சின்ன பனியன் கம்பெனி இருக்கிறது. பெரிய ஏற்றுமதிக்காரர்கள் வெட்டிக் கொடுக்கும் துணியைத் தைத்துத் திருப்பிக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான். மிஷின்களும் ஆட்களும் அவர் பொறுப்பு. தைத்து வரும் பீஸ்களில் ஓட்டை, கறை, விட்டுப்போன தையல் பார்த்துப் பிரிக்கிற செக்கிங் என் பொறுப்பு. ஒரே மகன் பெங்களூருக்குப் படிக்கப் போய் அங்கேயே வேலையும் தேடிக்கொண்டான். ஆக வீட்டில் இரண்டு பேர், கம்பெனிக்குப் போனால் அங்கேயும் அதே இரண்டு பேர்.

நாங்கள் ஊர் சுற்றப் போகவே இல்லை என்று சொல்ல முடியாது. கிளம்பியிருக்கிறோம். கொடைக்கானலுக்கு ரூம் போட்டோம், சாயப்பட்டறையிலிருந்து துணி வராமல் போனதால் அது நின்றது. கன்னியாகுமரிக்கு ரயில் டிக்கெட் எடுத்தோம், துணி ஒரேயடியாக வந்து இறங்கியதால் அதுவும் நின்றது. ஊட்டிக்கு மட்டும் காரில் மேட்டுப்பாளையம் வரை போய்விட்டோம். அங்கே டீ குடித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கழுத்துப் பட்டியின் கலர் உடம்புத் துணியோடு சேரவில்லையாம். மலை கண்ணெதிரே நிற்கிறது, இவர் வண்டியைத் திருப்புகிறார். "ஊட்டி பாத்திருக்கீங்களாக்கா?" என்று யாராவது கேட்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து பார்த்திருக்கிறேன் என்று சொல்வேன்.

வேலை இருந்தால் "வேலை கெடக்குது, எப்படிப் போறது?" என்பார். ஆர்டர் இல்லாமல் மிஷின்கள் பாதி மூடிக் கிடந்த மாதங்களில் "வேலையே இல்லீங்கறேன், இப்ப ஊர் சுத்தற நேரமா?" என்பார். இரண்டுக்கும் நடுவில் ஒரு நாள்கூட வராது என்பது எனக்குப் புரிய ரொம்பக் காலம் பிடித்தது. புரிந்த அன்று வந்த கோபத்தில்தான் மகனுக்குப் போன் செய்து, டில்லிக்கு இரண்டு டிக்கெட் போடச் சொன்னேன்.

"அப்பா கடைசி நேரத்துல காலை வாரி உட்ருவாரும்மா" என்றான் அவன்.

"அதையும் பாத்துக்கறேன். நீ போடு கண்ணு" என்றேன்.

ஏன் டில்லி என்று கேட்காதவர்கள் இல்லை. திருப்பதி போகலாம், பழனி பக்கத்திலேயே இருக்கிறது என்றார்கள். ஒவ்வொரு குடியரசு தினத்துக்கும் டில்லியில் அணிவகுப்பு போகிற அந்தச் சாலையை டிவியில் பார்ப்பேன். அணிவகுப்பு, அலங்கார வண்டி இதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்தச் சாலையின் அகலம்தான் வேண்டும். நான் தினமும் நடக்கிற சந்தில் துணி ஏற்றிய டெம்போ ஒன்று வந்தால் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அவ்வளவு பெரிய சாலையில், யாருக்கும் வழி விடாமல், கையில் ஒரு பீஸும் இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சும்மா நடந்து போக வேண்டும் என்று ஆசை. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் செங்கோட்டை, குதுப்மினார் என்று சொல்லி வைத்தேன்.

டிக்கெட் வந்த நாளிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. செக்கிங் மேஜையில் நிற்கும்போதே போனை எடுத்து டில்லியில் மழையா, பனியா என்று பார்ப்பேன். பெட்டியை அடுக்குவேன், பிரிப்பேன், மறுபடி அடுக்குவேன். குளிருக்கு உடுப்பு வேண்டும் என்று மகன் சொல்லியிருந்தான். நாங்கள் தைப்பது முழுக்க வெளிநாட்டுக் குளிருக்குப் போடுகிற உடுப்புதான், ஆனால் அத்தனையும் கைக்குழந்தை சைஸ். கடைசியில் எங்கள் ஊர் ராயபுரத்தில் ஒரு கடையில் இரண்டு ஸ்வெட்டர் வாங்கினேன். பழக்க தோஷத்தில் திருப்பிப் பார்த்தால் லேபிளில் ஸ்வெட்டருக்குப் பேர்போன லூதியானாவின் பேர் இருந்தது. தையலை இழுத்துப் பார்த்தேன், குறை சொல்ல முடியவில்லை.

இன்னொரு கவலை இந்தி. எங்களிடம் பீகார்க்காரப் பிள்ளைகள் சிலர் வேலை செய்கிறார்கள், அவர்களோடு பேசிப் பேசி எனக்கு இந்தி வரும் என்று பெருமையாக இருந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது எல்லாம் "ஜல்தி கரோ", "பாத் மத் கரோ", "யே பீஸ் கிஸ்கா ஹை" என்று, சீக்கிரம் செய், பேசாதே, இது யார் தைத்த பீஸ் என்கிற அதட்டல்தான். இதை வைத்துக்கொண்டு டில்லி ஆட்டோக்காரரை எப்படி அணுகுவது? ஒரு ஆளிடம் தண்ணீர் கேட்டால்கூட மெமோ கொடுக்கிற மாதிரி இருக்கும்.

அவரோ ஒரு பக்கம் காரணம் தேடிக்கொண்டிருந்தார். முதலில் முதுகு வலி என்றார். பிறகு அங்கே புகைமூட்டமாம், மூச்சு முட்டுமாம் என்றார். "நம்மூர்ல கட்டிங் டேபிள்கிட்ட நின்னு தூசியை முழுங்கறீங்களே, அதை விடவாங்க?" என்று கேட்டேன். எழுந்து மிஷின் வரிசையில் நடக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு யோசனை வந்தால் நடப்பார், கோபம் வந்தால் நடப்பார், ஒன்றும் வராவிட்டாலும் நடப்பார். மிஷின் ஓடுகிற சத்தம் காலுக்குக் கீழே அதிர்ந்தால்தான் அவருக்கு நிம்மதி.

கிளம்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், துணி ஓரத்தைத் தைக்கிற ஓவர்லாக் மிஷின் ஒன்றில் ஊசி உடைந்தது.

பனியன் தொழிலில் இல்லாதவர்களுக்கு இது ஒரு விஷயமாகத் தெரியாது. ஊசி உடைந்தால் துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து, ஒரு தாளில் சேர்த்து ஒட்டி, முழு ஊசியும் கிடைத்துவிட்டது என்று காட்ட வேண்டும். அதுவரை புது ஊசி கிடையாது, அந்தத் துணி ஒன்றும் வெளியே போகாது. ஒரு கைக்குழந்தையின் உடுப்பில் ஊசி முனை சிக்கியிருந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியாது. அன்று இரண்டு துண்டு கிடைத்தது, முனை கிடைக்கவில்லை.

அந்த மிஷினில் இருந்தவள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த பெண். முந்தானையை உதறுகிறாள், ஸ்டூலைத் தூக்கிப் பார்க்கிறாள், முகம் வெளுத்துவிட்டது. "யக்கா, இங்கனதான தெறிச்சுது, நான் பாத்தேனே" என்று அழ ஆரம்பித்தாள்.

அவர் மெயினை அணைத்தார். எல்லா மிஷினும் நின்றது. நின்ற மிஷின்களுக்கு நடுவே நடந்துகொண்டே என்னைப் பார்த்து, "முனை கெடைக்கலீன்னா நாளைக்குக் கெளம்ப முடியாது அம்மிணி. சொல்லிப்போட்டேன்" என்றார்.

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டேன். பஞ்சு, நூல், வெட்டுத் துணி எல்லாவற்றையும் அளைந்தேன். பீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தையல் ஓரத்தை விரலால் நசுக்கிப் பார்த்தேன். குழந்தைக்காகத் தேடினேனா, டில்லிக்காகத் தேடினேனா என்று கேட்டால் இரண்டுக்கும்தான். கூட எல்லோரும் தேடினார்கள். அவர் மட்டும் மேலேயும் கீழேயும் நடந்தபடி, அங்கே பார், இங்கே பார் என்று கை காட்டிக்கொண்டிருந்தார்.

தரையில் குனிந்திருந்த எனக்கு அவர் கால் மட்டும்தான் தெரிந்தது. அந்தக் கால் என் முன்னால் எத்தனை தடவை போய் வந்தது என்று எரிச்சலாக இருந்தது. சட்டென்று எழுந்து, "எல்லாரும் செருப்பைக் கழட்டிக் காட்டுங்க" என்றேன். வேலை செய்பவர்கள் செருப்பை வாசலிலேயே விட்டுவிடுவார்கள். செருப்போடு உள்ளே நடப்பவர் ஒரே ஒருவர்தான். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"என்ற செருப்புலயா?" என்றார்.

"கழட்டுங்க."

இடது செருப்பில் ஒன்றும் இல்லை. வலது செருப்பின் அடியில், குதிகால் ரப்பருக்குள், கருப்பாக ஒரு புள்ளி. காந்தத்தை வைத்து நெருடியதும் வந்து ஒட்டிக்கொண்டது. தாளில் மற்ற இரண்டு துண்டோடு வைத்தேன். முழு ஊசி. திருநெல்வேலிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினாள், பீகார்ப் பையன்கள் கைதட்டினார்கள்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம். நிம்மதி வர வேண்டிய இடத்தில், கையில் இருந்ததை யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி நின்றார். முனை கிடைத்ததில் அவருக்குச் சந்தோஷம் இல்லை என்று இல்லை, குழந்தைத் துணி விஷயத்தில் அவர் ரொம்பக் கண்டிப்பு. ஆனால் டில்லி போகாமல் இருக்க இருந்த கடைசிக் காரணமும் போய்விட்டது. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துவிட்டு, "எதுக்கும் இந்த லாட் துணி அத்தனையும் நானே கூட இருந்து டிடெக்டர்ல ஒருக்கா உட்டுப் பாத்துப்போட்டா நல்லது" என்றார். துணிக்குள் இரும்பு இருந்தால் காட்டிக்கொடுக்கிற அந்த மிஷின் ஏற்றுமதிக்காரரிடம் இருக்கிறது. அதில் விட்டுப் பார்க்க அவர்களிடம் ஆள் இருக்கிறது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இத்தனை வருஷமும் வேலைதான் இவரைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைத்திருந்தேன். வேலையைத்தான் இவர் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அது தெரிந்ததும் சண்டை போடத் தோன்றவில்லை. ரொம்ப அலுப்பாக இருந்தது.

"நீங்க இருங்க" என்றேன். "நான் போயிட்டு வர்றேன்."

"தனியாவா?"

"ஆமாங்க. தனியாத்தான்."

சொன்ன பிறகுதான் எனக்கே நினைவு வந்தது. கோயம்புத்தூருக்குக்கூட நான் தனியாகப் போனதில்லை. மறுநாள் காலையில் அவர்தான் காரில் கொண்டு வந்து விட்டார். அவினாசி ரோடு முழுக்க லாரியைத் திட்டினார், சிக்னலைத் திட்டினார், பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் பையைத் திறந்து ஆதார் இருக்கிறதா என்று பார்ப்பதும் மூடுவதுமாக வந்தேன். ஏதாவது போன் வந்து வண்டியைத் திருப்பிவிடுவாரோ என்று விமானநிலையத்துப் பலகை தெரியும்வரை அவர் போனையே பார்த்துக்கொண்டு வந்தேன். போன் வரவில்லை.

வாசலில் துப்பாக்கி வைத்திருந்த காவலர் என் டிக்கெட்டையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "இன்னொரு ஆள்?" என்று இந்தியில் கேட்டார், டிக்கெட்டில் இரண்டு பெயர் இருந்தது. "நஹி ஆயேகா", வரமாட்டார் என்றேன். அதுவும் அதட்டலாகத்தான் வந்தது. பெட்டியை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன். பளபளவென்ற தரை, யாருக்கும் என்னைத் தெரியவில்லை. பயமாக இருந்தது, அதோடு சிரிப்பும் வந்தது.

போன் அடித்தது. திரும்பினால் கண்ணாடிக்கு வெளியே அவர் நிற்கிறார். கிளம்பிப் போயிருப்பார் என்று நினைத்திருந்தேன்.

"உள்ள எப்படி இருக்குது அம்மிணி?"

"நம்ம கம்பெனி மாதிரித்தானுங்க. எங்க பாத்தாலும் வரிசை."

"ம்." கண்ணாடியில் நெற்றியை வைத்து உள்ளே பார்த்தார். பக்கத்தில் ஒரு குடும்பம் யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டிருந்தது, அவர்களுக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்துகொண்டார். "கோவிச்சுக்காத அம்மிணி. லாட்டுக்காக இல்ல."

"தெரியுமுங்க."

"அங்க வந்தா நான் என்ன பண்றதுன்னே தெரியல. சுத்திப் பாக்கறதுன்னா என்ன பண்ணோணும்?"

ஒரு கிண்டல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. முடி நரைத்த மனிதர், கம்பெனி வைத்திருப்பவர், பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த பிள்ளை மாதிரி பதிலுக்காகக் காத்துக்கொண்டு நின்றார். இத்தனை நாள் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை, அழுகைதான் வந்தது. அவருக்கு என்ன சொல்வது என்று யோசித்தேன். காலையில் எழுந்து கம்பெனிக்குப் போகாத ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்று எனக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

"எனக்கும் தெரியாதுங்க" என்றேன். "போய்ப் பாத்துட்டு வந்து சொல்றேன்."